கோதுமையின் மாமா: களைக்கொல்லிக்கு எதிராகச் செல் உண்டாக்கும் புரதங்களின் கதை

ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் முளைக்கும் ஒரு புல்லை அங்குள்ள உழவர்கள் 'கேஹூங் கா மாமா' என்பார்கள். கோதுமையின் தாய்மாமன் என்று பொருள். தாவரவியலில் அதன் பெயர் ஃபலாரிஸ் மைனர். மண்டூசி, குல்லி டண்டா என்ற பெயர்களும் அதற்கு உண்டு. பின்னது நம் கிட்டிப்புள் ஆட்டத்தின் வடநாட்டுப் பெயரேதான். கதிர் வெளிவரும் வரை கோதுமையிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். தண்டின் அடியில் தெரியும் இளஞ்சிவப்பைக் கொண்டுதான் பழகிய கண்கள் அதை அடையாளம் காண்கின்றன. மொழியியல் படித்த எனக்கு இந்த உறவுமுறைப் பெயரே முதலில் ஆர்வமூட்டியது. பெயர் வைத்தவர்கள் தோற்றத்தைப் பார்த்து வைத்தார்கள். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை தோற்றத்தோடு நிற்கவில்லை, செல்லுக்குள் வேலை செய்யும் நொதிகள் வரை செல்கிறது என்பது 1990களில்தான் தெரியவந்தது. அந்தக் கண்டுபிடிப்பின் பின்னால் அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயலில் நடந்தது. பசுமைப் புரட்சிக்குப் பின் வடமேற்கு இந்தியாவில் நெல்லும் கோதுமையும் மாறி மாறி வரும் சாகுபடி நிலைபெற்றது. நெல்லுக்குத் தேக்கிய நீரால் ஈரம் காக்கும் மண், குட்டைக் கோதுமை, தாராளமான உரம் ஆகிய மூன்றும் இந்தப் புல்லுக்கு ஏற்றவையாக அமைந்தன. அதைக் கட்டுப்படுத்த ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி வந்தது. ஃபீனைல்யூரியா வகையைச் சேர்ந்த அது, இலையின் ஒளிச்சேர்க்கை அமைப்பில் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான் ஓட்டத்தைத் தடுக்கும். கோதுமை அதைத் தாங்கும், புல் தாங்காது. பத்துப் பதினைந்து ஆண்டுகள், ஆண்டுதோறும், அதே வயலில் அதே மருந்து. பிறகு மருந்து அடித்த வயல்களிலும் புல் செழித்து நின்றது. மருந்து போலி என்றார்கள், அளவு குறைவு என்றார்கள், தெளித்த முறை தவறு என்றார்கள். கோதுமை முற்றுவதற்கு முன்பே பயிரோடு களையையும் சேர்த்து அறுத்து மாட்டுத் தீவனமாக்கிய உழவர்கள் இருந்தார்கள். ஹிசாரில் உள்ள ஹரியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர். கே. மாலிக்கும் சமுந்தர் சிங்கும் இந்த வயல்களிலிருந்து விதை திரட்டி, மருந்தைப் படிப்படியாகக் கூட்டிச் சோதித்து, குறை மருந்திலோ தெளிப்பிலோ இல்லை, புல்லே மாறிவிட்டது என்பதை 1990களின் முற்பகுதியில் நிறுவினார்கள். நெல்லும் கோதுமையும் மட்டுமே மாறி மாறி வந்த நிலங்களில் இந்தச் சிக்கல் கடுமையாக இருந்தது; இடையில் கரும்போ தீவனப்பயிரோ வந்த நிலங்களில் குறைவாக இருந்தது.

'புல் மருந்துக்குப் பழகிவிட்டது' என்று பேச்சில் சொல்கிறோம். இந்த வினைச்சொல் இரண்டு வேறு நிகழ்வுகளை ஒன்றாக்கிவிடுகிறது. ஒரு செடி தன் வாழ்நாளுக்குள்ளேயே ஒரு வேதிப்பொருளை உணர்ந்து, அதுவரை உண்டாக்காத புரதத்தை உண்டாக்கத் தொடங்குவது ஒன்று. இலட்சம் செடிகளில் பிறப்பிலேயே அந்தப் புரதத்தை மிகுதியாகக் கொண்ட ஒன்றிரண்டு மட்டும் பிழைத்து, அவற்றின் விதையே மறு ஆண்டு வயலை நிரப்புவது மற்றொன்று. முன்னது எதிர்வினை, பின்னது தேர்வு. ஒன்றில் ஒரு செடி மாறுகிறது, மற்றொன்றில் ஒரு கூட்டம் மாறுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றதும், பிறகு இரண்டுக்கும் இடையே எதிர்பாராத உறவு இருப்பதைக் கண்டதும்தான் இந்த வரலாற்றின் முதுகெலும்பு.

தொடக்கம் மக்காச்சோளத்தில். சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் 1950களில் டிரையசின் வகைக் களைக்கொல்லிகளை உருவாக்கியது. சிமசினும் அட்ரசினும் அவற்றுள் புகழ்பெற்றவை. மக்காச்சோள வயலில் அட்ரசின் தெளித்தால் சுற்றியுள்ள களைகள் வாடும், மக்காச்சோளம் வாடாது. ஏன்? 1961இல் ஒரு விடை கிடைத்தது. மக்காச்சோளச் சாற்றில் இயல்பாகவே உள்ள ஒரு சேர்மம், நொதி எதன் உதவியும் இன்றி, சிமசினைச் சிதைத்தது. சோதனைக் குழாயில் தெளிவாகக் காட்டக்கூடிய, எளிய, அழகான விடை. ஏறத்தாழப் பத்தாண்டு அது நிலைத்தது. சோளம் என்ற பயிர்தான் அதைக் கேள்விக்குள்ளாக்கியது. சோளமும் அட்ரசினைத் தாங்குகிறது. ஆனால் அந்தச் சேர்மம் சோளத்தில் மக்காச்சோளத்தில் உள்ளதுபோல் இல்லை. அப்படியானால் சோளத்தைக் காப்பாற்றுவது எது?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் ஃபார்கோ நகரில் இருந்த வேளாண் துறை ஆய்வகத்தினர். லமூரோ, ஷிமாபுகுரோ, ஸ்வான்சன், ஃப்ரியர் என்ற நால்வரும் கதிரியக்கக் கார்பன் பொதிந்த அட்ரசினைச் சோள இலைகளுக்குக் கொடுத்து, சில மணி நேரம் கழித்து இலையை அரைத்து, அந்தக் கார்பன் எந்தச் சேர்மத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தேடினார்கள். அது குளுட்டாதயோனோடு இணைந்திருந்தது. குளுட்டாதயோன் மூன்று அமினோ அமிலங்களால் ஆன சிறு மூலக்கூறு. நம் கல்லீரலிலும் நிறைய உண்டு. நஞ்சோடு அதைக் கோத்துவிட்டால் நஞ்சு நீரில் கரையும், வீரியம் இழக்கும். இந்த இணைப்பைச் செய்யும் நொதி குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ். 1970இல் ஃப்ரியரும் ஸ்வான்சனும் மக்காச்சோளத்திலிருந்து அந்த நொதியை ஓரளவு தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். விலங்குகளின் கல்லீரலில் அறியப்பட்டிருந்த ஒரு நொதிக் குடும்பம் செடியிலும் இருக்கிறது, களைக்கொல்லியை முறிக்கிறது என்று இதனால் தெளிவாயிற்று.

ஆனால் இருக்கிறது என்பது வேறு, அதுதான் காரணம் என்பது வேறு. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. ஜிடி112 என்றொரு மக்காச்சோள வகை, மற்ற மக்காச்சோளங்களைப் போல அல்லாமல், அட்ரசினால் இறந்துபோகும். ஷிமாபுகுரோவும் உடன் ஆய்ந்தவர்களும் அதை எடுத்துப் பார்த்தார்கள். 1961இன் விடையில் சொல்லப்பட்ட இயற்கைச் சேர்மம் அதில் இருந்தது. குளுட்டாதயோன் நொதியின் செயல்பாடுதான் மிகக் குறைந்திருந்தது. சேர்மம் இருந்தும் செடி செத்தது என்றால், உயிரைக் காப்பது அந்தச் சேர்மம் அன்று, நொதிதான். 1971இல் வெளிவந்த இந்தக் கட்டுரைக்குப் பிறகு மக்காச்சோளம் ஏன் அட்ரசினைத் தாங்குகிறது என்பதில் பெரிய ஐயம் இல்லை. ஒரே இனத்தின் இரு வகைகள், ஒன்று வாழ்கிறது, ஒன்று சாகிறது, இரண்டுக்கும் இடையே எது வேறுபடுகிறது? மொழியியலில் ஓரொலி மட்டும் வேறுபடும் சொல்லிணைகளை வைத்து ஒலியன்களைப் பிரித்தறிவோம். 'பல்', 'பால்' என்ற இணையில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுவதைக் காட்டுவதுபோல. ஜிடி112 செய்தது ஏறத்தாழ அதே வேலை.

இதுவரை சொன்ன நொதி மக்காச்சோளத்தில் எப்போதும் இருப்பது. மருந்து பட்டதும் புதிதாக எழும் புரதம் உண்டா என்ற கேள்விக்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1940களின் பிற்பகுதியில் ஆட்டோ ஹாஃப்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பசுங்குடிலில் தக்காளிச் செடிகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். 2,4-டி என்ற களைக்கொல்லியின் ஆவி தற்செயலாகக் குடிலெங்கும் பரவியபோது, முன்னமே வேறொரு வேதிப்பொருள் கொடுக்கப்பட்டிருந்த செடிகள் மட்டும் பாதிப்பின்றி நின்றன. ஒரு வேதிப்பொருளைக் கொண்டு மற்றொன்றிலிருந்து பயிரைக் காக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கே தோன்றியது. கோதுமை விதையை நேர்த்தி செய்து களைக்கொல்லியிலிருந்து காப்பதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1962இல் வந்தது. 1970களில் மக்காச்சோளத்துக்கு டைகுளோர்மிட் என்ற மருந்து களைக்கொல்லியோடு கலந்தே விற்பனைக்கு வந்தது.

இவற்றுக்கு முதலில் வைத்த பெயர் 'ஆன்டிடோட்'. நம் சொல்லில் நச்சுமுறி, முறிமருந்து. பிறகு அந்தப் பெயர் பின்தங்கி 'சேஃப்னர்' என்பது நிலைத்தது. தமிழில் நான் பயிர்க்காப்பு மருந்து என்று எழுதுகிறேன். பெயர் மாற்றம் வெறும் வணிக விருப்பம் அன்று. முறிமருந்து என்றால் நஞ்சு ஏறிய பிறகு கொடுப்பது, நஞ்சை நேராக முறிப்பது. இந்த மருந்துகளோ நஞ்சைத் தொடுவதே இல்லை. நஞ்சு வருவதற்கு முன்போ வரும்போதோ செல்லை எழுப்பிவிடுகின்றன. முறிக்கும் வேலையைச் செல்தான் செய்கிறது. இதை 1976இல் பெர்க்லியைச் சேர்ந்த லேயும் ஜான் கசீடாவும் காட்டினார்கள். டைகுளோர்மிட் வகை மருந்தைப் பெற்ற மக்காச்சோள வேரில் குளுட்டாதயோனின் அளவும் அதை இணைக்கும் நொதியின் செயல்பாடும் கூடியிருந்தன. களைகளில் அந்த எழுச்சி ஏற்படுவதில்லை அல்லது போதுமான அளவில் இல்லை. அதனால் பயிர் தப்பியது, களை மாண்டது.

செயல்பாடு கூடியது என்றாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. முன்னமே இருந்த நொதி வேகம் பெற்றதா, புதிய நொதி பிறந்ததா? 1983இல் மான்சான்டோ நிறுவனத்தின் மோசர், டீமையர், ஜவோர்ஸ்கி ஆகியோர் மக்காச்சோள நாற்றுகளிலிருந்து இந்த நொதியைத் தூய்மையாகப் பிரித்தபோது இரண்டு வடிவங்கள் தனித்தனியே கிடைத்தன. ஒன்று எல்லா நாற்றுகளிலும் இருந்தது. மற்றொன்று காப்பு மருந்து பெற்ற நாற்றுகளில் மட்டுமே தென்பட்டது. 1986இல் வைகண்ட், ஷா, மோசர் ஆகியோர் இந்த நொதிக் குடும்பத்துக்கான தூது ஆர்என்ஏவே மருந்து பெற்றபின் பெருகுவதைக் காட்டினார்கள். செல் ஒரு வேதிப்பொருளை உணர்ந்து, மரபணுவைத் திறந்து, புரதம் செய்கிறது என்பது படிப்படியாக இப்படித்தான் உறுதிப்பட்டது. பிற்கால ஆய்வுகளில் அந்த இரண்டாம் வடிவம் பழைய துணையலகு ஒன்றும் புதிய துணையலகு ஒன்றும் சேர்ந்த இணை என்று தெரிந்தது. பழையதன் தோளில் புதியது கைபோட்டு நிற்கிறது.

ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹைன்ரிஹ் சாண்டர்மன் இந்த அமைப்பு முழுவதற்கும் 'பச்சைக் கல்லீரல்' என்று பெயர் சூட்டினார். நல்ல உவமை, ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாது. கல்லீரல் முறித்ததைச் சிறுநீரும் மலமும் வெளியே கொண்டுபோகும். செடிக்குக் கழிவு வாயில் இல்லை. முறித்த நஞ்சை அது தனக்குள்ளேயே, செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழிப் பையில், பூட்டி வைத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள் தள்ளும் விசைப்புரதம் 1993இல் பார்லிச் செல்களில் அடையாளம் காணப்பட்டது.

இனி ஐசோபுரோட்டுரானுக்கு வருவோம். அதை முறிப்பது குளுட்டாதயோன் நொதி அன்று. ஃபீனைல்யூரியா மருந்துகளை முறிக்கும் வழிக்கான முதல் தடயமும் ஃபார்கோவிலேயே கிடைத்தது. 1969இல் ஃப்ரியர், ஸ்வான்சன், தனாகா ஆகியோர் பருத்தியின் செல்சவ்வுத் துகள்களில் ஒரு நொதியைக் கண்டார்கள். அது ஆக்சிஜனைக் கொண்டு ஃபீனைல்யூரியா மூலக்கூறிலிருந்து மீத்தைல் தொகுதியைக் கழற்றியது. இன்று சைட்டோகுரோம் பி450 என்று நாம் அறியும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த நொதி அது. அந்தப் பெயரிலுள்ள எண் நொதியின் வேலையைப் பற்றி எதுவும் சொல்லாது. கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்தபோது 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது உறிஞ்சும் என்பதே அந்த எண்ணின் பொருள். பார்த்த கருவியின் நினைவு பெயராகிவிட்டது.

பி450 நொதிகள் பிடிகொடாதவை. குளுட்டாதயோன் நொதி செல்லின் நீர்ப்பகுதியில் கரைந்து, மிகுதியாக, நிலையாக இருக்கும். அரைத்து வடிகட்டினால் வந்துவிடும். பி450 சவ்வுக்குள் பதிந்து, மிகச் சிறிய அளவில், சவ்வை விட்டுப் பிரித்ததும் கெட்டுப்போகும் தன்மையோடு இருக்கும். தாவர பி450 ஒன்றின் மரபணு 1990இல்தான் படியெடுக்கப்பட்டது, அதுவும் அவகாடோப் பழத்திலிருந்து. 1998இல் ஸ்ட்ராஸ்பூர் ஆய்வாளர்கள், ஜெருசலேம் ஆர்ட்டிச்சோக் என்ற கிழங்குச் செடியில் வேதிப்பொருள் பட்டதும் மிகும் ஒரு பி450 ஃபீனைல்யூரியாக்களை வேகமாக முறிப்பதைக் காட்டினார்கள். சிஒய்பி76பி1 என்பது அதன் குறிப்பெயர். அடுத்த ஆண்டு சோயாவின் ஒரு பி450ஐப் புகையிலைக்கு மாற்றியபோது, ஃபீனைல்யூரியாக்களை முறிக்கும் திறன் புகையிலையில் கூடியது.

நொதியைக் கையில் பிடிக்க முடியாதபோது அதன் கையைக் கட்டிப் பார்க்கலாம். ஃபலாரிஸ் மைனரில் நடந்தது அதுதான். பைப்பரோனைல் பியூட்டாக்சைடு என்பது பூச்சிக்கொல்லிகளோடு கலக்கும் துணைப்பொருள். பூச்சியின் பி450ஐ முடக்கி மருந்தின் வீரியத்தைக் காப்பது அதன் வேலை. சமுந்தர் சிங், கிர்க்வுட், மார்ஷல் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்ப்புப் பெற்ற புல், எதிர்ப்பற்ற புல், கோதுமை ஆகிய மூன்றுக்கும் ஐசோபுரோட்டுரானை இந்தப் பொருளோடும் தனியாகவும் கொடுத்தார்கள். தனியாகக் கொடுத்தபோது எதிர்ப்புப் பெற்ற புல் மருந்தை விரைவாக முறித்தது. பி450 முடக்கப்பட்டதும் அந்த வேகம் தளர்ந்தது, மருந்து மீண்டும் கடித்தது. எதிர்ப்புப் பெற்ற புல் மருந்தை முறித்த முறையும் கோதுமை முறிக்கும் முறையும் ஒன்றுபோலவே இருந்தன. மாமாவும் மருமகனும் ஒரே கருவியைக் கையில் வைத்திருந்தார்கள்.

இதன் கசப்பான விளைவை எண்ணிப் பாருங்கள். ஐசோபுரோட்டுரான் கோதுமைக்கு ஏற்ற மருந்தாக இருந்ததற்கே காரணம், கோதுமைக்கு அதை முறிக்கத் தெரியும் என்பதுதான். களையும் அதே வழியைக் கைக்கொண்டுவிட்டால், கோதுமைக்குப் பாதுகாப்பான வேறு மருந்தும் களைக்குப் பாதுகாப்பானதாகவே முடியக்கூடும். மருந்து ஒட்டும் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியதால் வரும் எதிர்ப்பு அப்படிப்பட்டதன்று. அமெரிக்காவின் ஒரு முள்ளற்ற முள்ளிக்கீரை இனத்தில் அட்ரசின் ஒட்டும் ஒளிச்சேர்க்கைப் புரதத்தின் 264ஆம் இடத்தில் செரின் போய்க் கிளைசின் வந்திருந்ததை ஹிர்ஷ்பர்கும் மக்கின்டாஷும் 1983இல் கண்டறிந்தார்கள். அங்கே பூட்டு மாறியது. வேறு பூட்டுக்கான சாவி, அதாவது வேறு புரதத்தைத் தாக்கும் மருந்து, வேலை செய்யும். முறிக்கும் நொதிகளால் வரும் எதிர்ப்பில் இன்னும் சந்தைக்கே வராத மருந்துக்கும் எதிர்ப்பு முன்கூட்டியே இருக்கலாம்.

இதற்கிடையே புரதங்களைத் தேடும் முறையே மாறியது. ஒவ்வொரு நொதியாகத் தூய்மைப்படுத்தும் காலம் போய், செல்லின் புரதங்கள் அனைத்தையும் ஒரே தகட்டில் விரித்துப் பார்க்கும் காலம் வந்தது. 1975இல் பாட்ரிக் ஓஃபாரல் விவரித்த இருபரிமாண எலக்ட்ரோஃபோரசிஸ் முறையில் புரதங்களை முதலில் மின்னேற்றத்தால் ஒரு திசையிலும் பிறகு எடையால் குறுக்குத் திசையிலும் பிரிப்பார்கள். ஈ. கோலை பாக்டீரியாவின் 1100 புரதக் கூறுகள் அவருக்குத் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தன. மருந்து பெற்ற நாற்று, பெறாத நாற்று என்று இரண்டு தகடுகளை அருகருகே வைத்து, எந்தப் புள்ளி புதிது, எது தடித்தது என்று பார்க்கலாம். புள்ளி எந்தப் புரதம் என்று பெயர் சொல்ல நெடுநாள் வழியில்லாமல் இருந்தது. ஜான் ஃபென்னுக்கும் கோயிச்சி தனாகாவுக்கும் 2002இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த நிறை நிறமாலை உத்திகள் அந்த வழியைத் திறந்தன. அனைத்துப் புரதங்களின் தொகுதியைக் குறிக்கும் 'புரோட்டியோம்' என்ற சொல்லை 1994இல் உண்டாக்கிய மார்க் வில்கின்ஸ் அப்போது ஆய்வு மாணவர். புரோட்டீனின் தலையையும் ஜீனோமின் வாலையும் ஒட்டினார், சொல் நிலைத்தது. ஆய்வேட்டோடு மல்லுக்கட்டும் நண்பர்களுக்கு இது ஆறுதல் தரட்டும்.

2004இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜாங், ரீச்சர்ஸ் ஆகியோர் இந்த முறையைக் கோதுமையின் காட்டு மூதாதை ஒன்றின் நாற்றுகளில் கையாண்டார்கள். முளைக்குருத்தை மூடியிருக்கும் உறையில், காப்பு மருந்து பட்டதும் மிகும் புரதங்களைப் பெயரிட்டபோது, அவற்றுள் பல குளுட்டாதயோன் நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதற்கு முந்திய ஆண்டு அதே குழு, இந்த நொதி உறையின் வெளிப்புறச் செல்களில் குவிவதைக் காட்டியிருந்தது. மண்ணைத் துளைத்து மேலெழும் குருத்து மண்ணிலுள்ள மருந்தை முதலில் சந்திக்கும் இடத்தில்தான் காவல் பலமாக இருக்கிறது. தகட்டைப் பார்த்து மட்டும் இதை அறிய முடியாது. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தபின் இடம் என்பது அழிந்துவிடுகிறது. இத்துறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நூற்றுக்கணக்கில் புள்ளிகளைப் பட்டியலிட்டு முடித்துவிடும் கட்டுரைகள் பெருகிவிட்டன. மருந்தால் துன்புறும் செடி பொதுவான துன்பத்துக்கான புரதங்களையும் உண்டாக்கும். வறட்சியிலும் உப்பிலும் குளிரிலும் அவை எழும். பட்டியலில் உள்ள எந்தப் புரதம் காக்கிறது, எது வெறுமனே வலியின் அடையாளம் என்பதைப் பட்டியல் சொல்லாது. ஜிடி112 போன்ற ஓர் இணை அப்போதும் தேவைப்படுகிறது.

அந்தத் தேவையை மிக நன்றாக நிறைவு செய்த ஆய்வு இங்கிலாந்தின் கோதுமை வயல்களிலிருந்து வந்தது. அங்கும் ஒரு புல்தான் வில்லன்: பிளாக்கிராஸ் என்னும் கரும்புல். எசெக்ஸ் வட்டாரத்தில் பெல்டன் என்ற ஊரின் கரும்புல், ஐசோபுரோட்டுரானின் நெருங்கிய உறவான குளோரோடோலுரானுக்கு எதிர்ப்புப் பெற்றிருந்தது 1980களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அது வேறு பல வகை மருந்துகளையும் தாங்கியது. டர்ஹம் பல்கலைக்கழகத்தின் கம்மின்ஸ், கோல், ராபர்ட் எட்வர்ட்ஸ் ஆகியோர் 1999இல், எதிர்ப்புப் பெற்ற கரும்புல்லில் ஒரு குளுட்டாதயோன் நொதி எப்போதும் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். விந்தை என்னவென்றால், மருந்துகளை நேராக முறிப்பதில் அந்த நொதி தேர்ந்ததன்று. நஞ்சு தாக்கிய செல்லில் எழும் பெராக்சைடுகளைத் தணிப்பதில்தான் அது வல்லது. 2009இல் அக்குழுவினர் எதிர்ப்பற்ற கரும்புல்லுக்குப் பயிர்க்காப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் அதே புரதம் எழுந்தது, செடியும் மருந்தை ஓரளவு தாங்கியது. எதிர்வினைக்கும் தேர்வுக்கும் இடையே எதிர்பாராத உறவு என்று மேலே சொன்னேனே, அது இதுதான். தேர்வு புதிதாக ஒன்றைப் படைக்கவில்லை. இயல்பான செடி ஆபத்து வரும்போது மட்டும் எழுப்பும் காவலை, எதிர்ப்புப் பெற்ற செடி உறங்கவே விடுவதில்லை.

2013இல் இறுதிச் சோதனை. கரும்புல்லின் அந்த ஒற்றைப் புரதத்தை அராபிடாப்சிஸ் செடிக்குள் செலுத்தினார்கள். அச்செடி பல மருந்துகளைத் தாங்கியதோடு, அதன் காப்புச் சேர்மங்களும் பிற காப்பு நொதிகளும் கூடின. அந்தப் புரதம் வேலையாள் என்பதோடு மேற்பார்வையாளராகவும் இருந்தது. மனிதப் புற்றுநோய்க் கட்டிகள் பல மருந்துகளை ஒருசேரத் தாங்கும்போதும் குளுட்டாதயோன் நொதி ஒன்று மிகுந்திருக்கும். அதை முடக்கும் ஒரு சேர்மத்தைக் கரும்புல்லுக்குக் கொடுத்தபோது களைக்கொல்லி மறுபடி வேலை செய்தது. ஆனால் அந்தச் சேர்மம் வயலில் தெளிக்கத் தக்கதன்று.

கிளைபோசேட்டின் கதை தனிக் கட்டுரைக்குரியது. இங்கே ஒரு கோடு மட்டும். அது தாக்கும் நொதியை 1980இல் ஸ்டைன்ருக்கனும் ஆம்ரைனும் அடையாளம் கண்டார்கள். மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஆய்வகத்தில் வளர்த்த பெட்டூனியாச் செல்கள் அந்த நொதியை அளவுக்கு மீறி உண்டாக்கின. அதன் மரபணு 20 மடங்கு பெருகியிருந்தது 1986இல் தெரிந்தது. குடுவைக்குள் நடந்த விநோதம் என்றே அப்போது பலரும் எண்ணக்கூடியது. 2010இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பருத்தி வயல்களில், நம் தண்டுக்கீரைக்கு உறவான பால்மர் அமராந்த் களையில் அதே மரபணு 5 முதல் 160க்கும் மேற்பட்ட படிகளாகப் பெருகியிருந்ததைக் கெயின்ஸ் முதலானோர் எழுதினார்கள். தாக்கப்படும் புரதத்தையே மருந்து தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் குவித்துக்கொள்வது அந்தக் களையின் வழி.

ஹரியானாவில் என்ன நடந்தது? 1990களின் பிற்பகுதியில் குளோடினாஃபாப், ஃபெனாக்சாப்ராப், சல்ஃபோசல்ஃப்யூரான் ஆகிய புதிய மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன. அவை ஐசோபுரோட்டுரானைப் போல ஒளிச்சேர்க்கையைத் தாக்குபவை அல்ல. முதலிரண்டும் கொழுப்பு அமில உருவாக்கத்தையும் மூன்றாவது அமினோ அமில உருவாக்கத்தையும் தடுப்பவை. கோதுமை விளைச்சல் மீண்டது. அதே ஆண்டுகளில் மாலிக் முதலானோரின் முயற்சியில் உழாமல் நேரே விதைக்கும் முறையும் பரவியது. நெல் அறுத்த நிலத்தைக் கிளறாமல் விட்டால் மண்ணடியில் கிடக்கும் ஃபலாரிஸ் விதைகள் குறைவாகவே முளைக்கின்றன. கோதுமையையும் முன்னதாக விதைத்துவிடலாம், களைக்கு முன் பயிர் எழுந்துவிடும். உழவுச் செலவும் மிச்சமானதால் உழவர்கள் அதை விரும்பி ஏற்றார்கள். ஆனால் பத்தாண்டு முடிவதற்குள், புதிய மருந்துகள் மூன்றையுமே தாங்கும் ஃபலாரிஸ் கூட்டங்கள் வயல்களில் தென்படத் தொடங்கின. அவற்றுள் சிலவற்றில் தாக்கப்படும் புரதமே மாறியிருந்தது, சிலவற்றில் முறிக்கும் நொதிகள் வேலை செய்தன. ஒரு வயலில் இருப்பது இவற்றுள் எது என்பதைப் பொறுத்தே அங்கே அடுத்து எந்த மருந்து செல்லும், எது செல்லாது என்பது அமைகிறது.